அரைஞாணுக்கு மேலும் கீழும்

1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை, தெமோதரைக்கு மேலே உள்ள கிளென்வாரா தேயிலைத் தோட்டத்தில், கவ்வாத்துத் தொழிலாளி அழகையா ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரவில்லை.

உலக மருத்துவ வரலாறு ஊவா மாகாணத்துக்குள் காலடி எடுத்துவைத்த நாள் அதுதான். வரலாறு வழக்கமாகப் பெரிய நகரங்களில் இறங்கிக் களைப்பாறிவிட்டு, கடைசி ரயில் கோச்சியில்தான் மலைக்கு ஏறி வரும். இந்தத் தடவை அது யாரிடமும் சொல்லாமல் நேரே தொழிலாளர் லயத்துக்கு வந்து, ஒரு மனிதரின் வேட்டிக்குள் குடியேறியிருந்தது. அந்தப் பெருமை அவருக்கு மட்டும் விளங்கவில்லை. அவரால் நடக்க முடியவில்லை.

விதைப்பையின் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் தொடங்கிய வீக்கம் சில வருடங்களில் தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. பிறகு இடது அடிவயிறும் மேடிட்டது. கவ்வாத்து வெட்டுகிறவன் சரிவில் காலூன்றி நின்று கத்தியை வீச வேண்டும். அழகையா காலை அகட்டி நிற்க நிற்க, அவரது நிரைக்குப் பக்கத்து நிரைக்காரர்கள் இடம் விட்டு விலகினார்கள்.

"என்னப்பா, செடி வெட்ட வந்தியா, சடுகுடு வெளையாட வந்தியா?" என்றார் கங்காணி.

ஆனால் எல்லோரும் அந்த உடம்பை அலட்சியம் செய்தார்கள் என்று சொல்வது பாவம். அது மாவு பங்கீடு குறைந்திருந்த வருடம். தோட்டங்களில் பட்டினி இருக்கிறதா இல்லையா என்று நேரில் கண்டறிய, மதியச் சாப்பாடு முடித்துக்கொண்டு கொழும்பிலிருந்து மூன்று கனவான்கள் வந்தார்கள். தோட்டத்துரை அவர்களைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அழைத்துப் போகிற வழியில் அழகையாவை நிறுத்தினார்.

"இவரைப் பாருங்கள்," என்றார் துரை. "வயிறு."

மூன்று கனவான்களும் பார்த்தார்கள். ஒருவர் மரியாதையாகத் தலையசைத்தார். கிளென்வாராவில் 'ஊட்டம் திருப்திகரம்' என்று முடிவானது. அழகையாவும் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று காலை அவர் சாப்பிட்டது வெறும் தேத்தண்ணி.

அழகையாவுக்கு இருந்த அவசரம் வேறு. இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு அவர் போட்ட மனு 'இல்லை' என்று திரும்பியிருந்தது. இந்தியா 'சரி' என்றிருந்தது. பாஸ்போர்ட்டு வந்துவிட்டது. ஆவணியில் கப்பல்.

"கோச்சியில ராவும் பகலும் குந்தணும். தலைமன்னாருல குந்தணும். கப்பல்ல குந்தணும்," என்றாள் அவர் மனைவி ரெங்கம்மா. "இத வச்சிக்கிட்டு நீங்க எங்கிட்டுக் குந்துறது? அங்க போயி எறங்குன ஒடனே மண்வெட்டியக் குடுப்பான். சொகமில்லாத ஆளுன்னா எவன் வேல தருவான்? போறதுக்குள்ள வெட்டி எடுத்துட்டு வாங்க. ஒங்களையும் அதையும் சேத்து நான் ரெண்டு ஆளு சொமக்க முடியாது."

வெட்டி எடுப்பதென்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியென்றால் தோட்டத்து டிஸ்பென்சர் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு.

டிஸ்பென்சர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளியைத் தொடாமல் நோய் கண்டறியும் அரிய கலையில் அவருக்கு இணை கிடையாது. அவர் உள்ளே நாற்காலியில் இருப்பார். நோயாளி வெளியே விறாந்தையில் நிற்பார். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அவரிடம் இரண்டு பெரிய போத்தல்கள் இருந்தன: இடுப்புக்கு மேலே என்ன வந்தாலும் வெள்ளை மருந்து, இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் சிவப்பு மருந்து. மனித உடம்பை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

"என்ன அழகையா?"

"கீழ வீக்கமுங்க, ஐயா."

"கீழ எண்டால்?"

அழகையா காட்டுவதற்காக வேட்டியில் கை வைத்தார்.

"அவிழ்க்காதை! அவிழ்க்காதை! பொம்பிளையள் நிக்கினம். எனக்கு விளங்குது. அது ஓதம்."

"வயித்துலயும் இருக்குங்க."

"அது வேற வருத்தம். மண்ணீரல். உனக்கு மலேரியா வந்ததோ?"

"சின்ன வயசுல வந்துச்சுங்க."

"பாத்தியே!" என்றார் சிவஞானம் வெற்றியோடு. இரண்டு நோய்க்கும் இரண்டு துண்டு எழுதினார்.

பதுளைக்கும் ஹாலிஎலவுக்கும் இடையில், தோட்டங்கள் சேர்ந்து நடத்திய கூட்டு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே சத்திரசிகிச்சை டாக்டர் எதிரிவீர பார்ப்பார். வியாழக்கிழமை பொது வைத்திய டாக்டர் அலவி பார்ப்பார். இருவரும் திறமைசாலிகள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இருவரின் காரும் தினமும் வரும், ஆனால் ஆஸ்பத்திரி முற்றத்தில் கார் நிறுத்த நிழல் தரும் மரம் ஒன்றுதான் இருந்தது.

அழகையா செவ்வாயும் போனார், வியாழனும் போனார். இரண்டு இடத்திலும் ஒரே சிக்கல் வந்தது. அவர் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. உயிரோடு இருக்கிற ஆம்பிளை அதை அவிழ்ப்பதில்லை. பிணத்துக்குத்தான் அறுப்பார்கள்.

"இதுக்குக் கீழ பாத்துக்கங்க, தொரை," என்று எதிரிவீரவிடம் சொல்லி, கயிற்றுக்கு மேலே வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார்.

"இதுக்கு மேல பாத்துக்கங்க," என்று அலவியிடம் சொல்லி, கயிற்றுக்குக் கீழே மூடிக்கொண்டார்.

இரு டாக்டர்களும் தடை சொல்லவில்லை. அவரவர் இலாகா அவரவருக்குப் போதுமாக இருந்தது.

அலவி மஞ்சள் மாத்திரை கொடுத்தனுப்பினார். அடுத்த தடவை எதிரிவீர ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கி, வீக்கத்தின் பின்னால் டோர்ச் பிடித்தார். வீக்கம் செக்கச் செவேலென்று விளக்குப்போல எரிந்தது. உள்ளே இருப்பது சதையல்ல, தண்ணீர். அட்டெண்டன் புவாத் அதைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்," என்றான். ஊசி போட்டு இழுத்தார்கள். சாயம் குறைந்த தேத்தண்ணிபோல ஒரு கிண்ணம் நிறைய வந்தது. வீக்கம் சுருங்கிப் போயிற்று. அழகையா துள்ளாத குறையாகப் பஸ் ஏறினார்.

ஹாலிஎலவில் அது பாதி நிறைந்தது. தெமோதரையில் இறங்கும்போது முழுசாக இருந்தது.

வியாழக்கிழமை அலவி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நல்லாக் கொறைஞ்சிரிக்கு! நான் தந்த மஞ்சள் மாத்திரை வேலை செய்யுது. இன்னும் ரெண்டு கிழமைக்குக் குடிங்க."

அடுத்த செவ்வாய் எதிரிவீர கீழே பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "நீங்க நெறைய தண்ணி குடிக்கிறது. தேத்தண்ணியும் குடிக்கிறது. அதான் திரும்ப வாறது. குடிக்க வேணாம்."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் தேத்தண்ணியை நிறுத்தினார். மறுபடி ஊசி. மறுபடி பஸ். மறுபடி ஹாலிஎல. கீழே இழுக்க இழுக்க மேலே குறைந்தது. மஞ்சள் மாத்திரையின் புகழ் வளர்ந்தது. மேலிருந்துதான் கீழே இறங்குகிறது என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை வியாழக்கிழமையைச் சந்தித்திருக்க வேண்டும்.

வைகாசி மாதம் அந்த அதிசயம் நடந்தது. கீழ் வீக்கத்தை வெட்டுவதற்காக அழகையாவை வாட்டில் படுக்க வைத்தார்கள். வெட்டுமுன் 'மண்ணீரல்' தாங்குமா என்று கேட்க வேண்டியிருந்தது. ஆக, ஒரே காலையில் இரு டாக்டர்களும் ஒரே கட்டிலுக்கு வந்தார்கள். ஒருவர் இடது பக்கம் நின்றார், ஒருவர் வலது பக்கம். பேசிக்கொள்ளாததால் நடுவில் புவாத் நின்றான்.

"மண்ணீரல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லு," என்றார் அலவி, புவாத்திடம்.

"எனக்கு என் வேலை இருக்கிறது என்று அவரிடம் சொல்லு," என்றார் எதிரிவீர, புவாத்திடம்.

அலவி மேலே அழுத்தினார். அதே நேரத்தில் எதிரிவீர கீழே பிடித்திருந்தார்.

எதிரிவீரவின் கைக்குள் வீக்கம் பந்துபோல எழும்பியது. அவர் திடுக்கிட்டார். கோபத்தில் திருப்பி அழுத்தினார். அலவியின் உள்ளங்கை மேலே தூக்கப்பட்டது.

"என்னுடையதை அமுக்காதீர்கள்!" என்றார் எதிரிவீர. பல மாதங்களில் அவர் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நீங்கள்தான் என்னுடையதை அமுக்குகிறீர்கள்!"

மேலே அழுத்தினால் கீழே, கீழே அழுத்தினால் மேலே. இரு மேதைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, மாவு பிசைகிற மாதிரி மாறி மாறி அழுத்தினார்கள். நடுவில் அழகையா, "அம்மா... அப்பா..." என்று இரு பக்கத்தையும் சமமாகக் கூப்பிட்டார்.

"உடுக்கை மாதிரி ஈக்கிது, சேர்," என்றான் புவாத்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பண்டாரவளைக் கடைக்காரர் மொஹிதீன் தலையைத் தூக்கினார். "என்னா அழகையா, ஒங்கட வயித்துக்கு ரெண்டு டொக்டரா? எங்கட கொடல் எறங்கி ஒரு மாசமாகுது, ஒரு டொக்டரும் எட்டிப் பாக்கல்ல!"

அன்று மத்தியானம் தடித்த புத்தகங்கள் திறக்கப்பட்டன. நோய்க்குப் பெயர் கிடைத்தது. அந்த ஆங்கிலப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி வாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம், நடக்க முடிந்தால். விதைப்பையில் தொடங்கும் ஓதம், கவட்டு வழியாக மேலே ஏறி, அடிவயிற்றுக்குள் இன்னொரு பையாக ஊதிக்கொள்கிறது. குழந்தைகளுக்கே எப்போதாவதுதான் வரும். வளர்ந்தவர்களுக்கு வந்ததாக உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணலாம். ஊசியால் இழுத்துப் பயனில்லை. கவட்டில் வெட்டி, இரண்டு பையையும் ஒன்றாக, முழுசாக எடுக்க வேண்டும்.

அதாவது, உடனே வெட்டலாம். அழகையா கும்பிட்டார்.

"அவசரப்பட வேணாம், அழகையா," என்றார் அலவி. அவர் கண்களில் ஒரு புது ஒளி. "இது சும்மா வருத்தமில்லை. அபூர்வம்."

விஞ்ஞானம் அந்த இருவரையும் ஒன்று சேர்த்தது. மேலே இருக்கிற பைதான் பெரியது, ஆகவே நோய் தன்னுடையது என்று அலவி வாதிட்டார். கீழே இருப்பதுதான் மூத்தது என்று எதிரிவீர வாதிட்டார். கடைசியில் கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதுவது என்றும், மரநிழலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பகிர்வது என்றும் சமாதானம் ஆனது. ஊவா மலைநாட்டு வைத்தியர் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஆனியில் வருகிறது. பிரதம அதிதி கொழும்பிலிருந்து. அவர் முன்னால் நோயாளியை உயிரோடும், நோயை முழு வளர்ச்சியோடும் நிறுத்த வேண்டும். அதுவரை அதன்மேல் ஊசி படக் கூடாது.

அழகையாவின் வாழ்வில் பொற்காலம் தொடங்கியது. கட்டிலுக்குப் புது விரிப்பு வந்தது. காலையில் பாலும் ஒரு அவித்த முட்டையும் தந்தார்கள். பிற ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் கார் போட்டு வந்து, வரிசையில் நின்று, அழுத்திப் பார்த்து, "அற்புதம்" என்றார்கள். நடக்கும்போது அது ஏதும் இடித்துக்கொள்ளாதபடி புவாத் முன்னால் நடந்தான். துரைமாருக்குக்கூட இப்படி யாரும் வழி விட்டதில்லை. முட்டையை மட்டும் அழகையா சாப்பிடவில்லை. நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரத்தில் ரெங்கம்மாவின் முந்தானைக்குள் அது போய்விடும்.

ஆனியில் பிரதம அதிதி வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் ஆடிக்குத் தள்ளிப்போனது. ஆடியில் அதிதிக்குச் சளியும் தடிமனும்.

"ஐயா, எப்பங்க வெட்டுவீங்க?"

"கூட்டம் முடியட்டும்."

"கூட்டம் எப்பங்க?"

"அதிதி வரட்டும்."

"எங்களுக்குக் கப்பலு வந்துருமுங்க."

"கப்பல் எப்பவும் வரும், அழகையா. இந்த மாதிரி ஒரு கேஸ் எப்பவும் வருமா?"

இதற்கிடையில் அபூர்வமும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. இடது கால் வீங்கத் தொடங்கியது. மூத்திரம் நின்று நின்று போனது. அழகையாவால் இப்போது உட்காரவே முடியவில்லை, படுப்பது அல்லது நிற்பதுதான். டாக்டர்கள் டேப் வைத்து அளந்து, மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்கள்.

ஆடிக் கடைசியில் பயண நாள் வந்துவிட்ட செய்தியோடு ரெங்கம்மா வாட்டுக்குள் நுழைந்தாள். அழகையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாங்கறாங்க?"

"அதிதி வரணுமாம்."

"ஆரு அந்த அதிதி, மாப்பிள்ளையா? தாலி கட்டப் போறாராக்கும்!" அவள் குரலை உயர்த்தினாள். வாட்டின் அந்தக் கோடியில் அலவி நின்றிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. "வெட்டலைன்னா விடுங்க. கெளம்புங்க. மதுரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்காம். அங்கன போயி வெட்டிக்கிருவோம். அங்க வெட்டுறவங்களுக்குக் கையில்லையா?"

அலவி விரைந்து வந்தார்.

"எங்கே வெட்டுறது?"

"இந்தியாவுலங்க," என்றாள் ரெங்கம்மா, மிக அடக்கமாக.

டாக்டர்கள் அறையில் அவசர மாநாடு கூடியது. அவர்கள் ஆங்கிலத்தில் பேசியது தமிழில் ஏறக்குறைய இப்படி:

"மதுரையில் எவனோ வெட்டுவான். எவனோ எழுதுவான். 'இந்தியாவில் ஓர் அபூர்வம்' என்று தலைப்பு வரும்."

"அனுமதிக்க முடியாது. இது நம்முடையது."

"இந்த மண்ணில் தோன்றியது."

"இந்த நாட்டுத் தண்ணீர்!"

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தேசத்தின் மானம் இவ்வளவு பெரிய ஆபத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. மறுநாளே வெட்டுவது என்று தீர்மானமானது. அதிதிக்கு நோயைக் காட்ட முடியாவிட்டால் என்ன, வெட்டி எடுத்ததைக் காட்டலாம்.

அலவி தானே வந்து அழகையாவிடம் விஷயத்தை விளக்கினார். "பாருங்க, அழகையா, இது இந்த நாட்டு வருத்தம். இங்கயே வந்தது, இங்கயே வளர்ந்தது. இதை வெளிநாட்டுக்குக் கொண்டு போக விடேலாது."

அழகையா மறுபடி கும்பிட்டார். "நானும் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதாங்க பொறந்தாரு."

"அது வேற விசயம்," என்றார் அலவி. "அது அரசாங்கக் கச்சேரி விசயம். இது விஞ்ஞானம்."

காலையில் ஒரு தடை வந்தது. அரைஞாண். சத்திரசிகிச்சைத் தியேட்டர் தாதி கத்தரிக்கோலோடு வந்ததும், "நான் என்னா செத்தா போனேன்?" என்று அழகையா கட்டிலில் எழுந்து நின்றார். கடைசியில் கயிற்றை அறுக்காமல் அவிழ்த்து, அந்த நிமிடமே அவர் இடது மணிக்கட்டில் கட்டினார்கள். எல்லை நீங்கிய உடம்பை இரு டாக்டர்களும் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்கள்.

முதுகில் ஊசி போட்டதால் அழகையாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. எதிரிவீர கவட்டில் சரிவாக வெட்டி, கீழ்ப் பையை மேலே தள்ளி எடுத்தார். பிறகு கழுத்துப்போல ஒடுங்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுத் தசைக்குப் பின்னால் விரலை விட்டு, மேல் பையைச் சுற்றிலும் ஒட்டியிருந்ததை மெல்ல மெல்லப் பிரித்தார். அந்த வேலையை அவர் உண்மையிலேயே அழகாகச் செய்தார். ஒரு இரத்தக் குழாயும் கெடவில்லை. விதையைப் பத்திரமாக அதன் இடத்தில் வைத்து, பை ஏறிய வழியை இறுக்கித் தைத்தார். அழகையாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"மெதுவா... மெதுவா... கிழிஞ்சிடும்!"

"ஆள் எப்படி?"

"ஆள் இருக்கட்டும், பை எப்படி?"

பை முழுசாக வந்தது. உடுக்கையேதான். அதை வைக்க ஆஸ்பத்திரியில் அத்தனை பெரிய போத்தல் இல்லை. இன்னும் பக்கத்துக் கட்டிலிலேயே கிடந்த மொஹிதீன் தன் கடையிலிருந்து பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்.

"தொதல் இனிப்பு வச்ச போத்தல்," என்றார். "நல்லாக் கழுவிப்போட்டு வைங்க. ஆனா ஒண்டு, டொக்டர், எங்கட கொடலுக்கும் ஒரு நாள் சொல்லுங்க."

அழகையாவின் காயம் ஆறியது. கால் வீக்கம் வடிந்தது. ஒரு காலை அவர் கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தார். வலிக்கவில்லை. எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பால் வரவில்லை, முட்டையும் வரவில்லை. விரிப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆவணி நடுவில் அதிதி வந்தார். பதுளையில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கழகம் கூடியது. மேசை நடுவில் வெள்ளைத் துணி விரித்து, போத்தலை வைத்து, இரு பக்கமும் பூச்சாடி வைத்திருந்தார்கள். போத்தலில் ஒட்டியிருந்த சீட்டில் 'இலங்கை' என்று பெரிதாகவும், 'பதுளை' என்று அதைவிடச் சிறிதாகவும் எழுதியிருந்தது. அழகையா கூப்பிட்டபோது வந்து, சட்டையைத் தூக்கி, தழும்பைக் காட்டிவிட்டு, வெளியே வந்து ரெங்கம்மாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

உள்ளே அதிதி பேசுவது வெளியே கேட்டது. அலவி வரிக்கு வரி தமிழிலும் சொன்னார், அட்டெண்டன்மாரும் பெருமைப்பட வேண்டும் என்பதற்காக.

"இது நம் தேசத்தின் அரும்பொருள். இதைக் கண்போலக் காப்பது நம் கடமை. எந்தக் காலத்திலும், எவர் கேட்டாலும், இதை நாட்டை விட்டு அனுப்ப மாட்டோம்."

கைதட்டல் நீண்ட நேரம் நிற்கவில்லை.

"என்னாத்தச் சொல்றாரு?" என்றாள் ரெங்கம்மா.

"போத்தல," என்றார் அழகையா.

போத்தல் பதுளையில் தங்கியது. அந்த மாதக் கடைசியில் அழகையாவும் ரெங்கம்மாவும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அழகையா உட்கார்ந்துகொண்டே போனார்.